குடை மடங்கினால் படகு வரும்

தீவுக்கு வருகிறவர்கள் செய்கிற முதல் தவறு, வந்த அன்றைக்கே எல்லாவற்றையும் செய்து பார்த்துவிடத் துடிப்பதுதான் சார். பெட்டியை அறையில் போட்ட கையோடு கடற்கரைக்கு ஓடிவருவார்கள். மீன் பார்க்கப் போகலாமா, துடுப்புப் படகு எங்கே, பாராசூட்டில் பறக்க விடுவீர்களா என்று பிடுங்கியெடுப்பார்கள். மறுநாள் தோள்பட்டை வெந்து தோலுரிந்து, சட்டைகூடப் போட முடியாமல் அறையில் குப்புறக் கிடப்பார்கள். அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது, முதல் நாள் ஒன்றுமே செய்யாதீர்கள். மரத்தடி வலை ஊஞ்சலில் படுத்து, ஒரு இளநீரைக் குடித்துவிட்டு, கடல் பாட்டுக்கு இரையட்டும் என்று விட்டுவிடுங்கள். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நேற்று என் தோளில் கைவைத்து, "மனச விட்டுடாதீங்க, இதுல உங்க தப்பு எதுவும் இல்ல" என்று சொன்னீர்கள். உங்களுக்கு நல்ல மனசு. என் உள்ளங்கை கிழிந்திருந்ததைப் பார்த்து உங்களுக்கே கண் கலங்கிவிட்டது. என்ஜினை இழுத்து இழுத்துக் கிழிந்த கை என்று கூட இருந்த போலீஸ்காரரிடம் சொன்னீர்கள். அது உண்மைதான். இழுத்தேன்.

நான் வந்தது வேறொன்றுக்காக. என் தங்கை பாப்பாவும் அவள் மாப்பிள்ளையும் மணல்திட்டில் மூழ்கிப்போன விஷயத்தை நீங்கள் எழுதிப் படித்துக் காட்டினீர்கள் இல்லையா, அதில் ஒரு வாக்கியம் சரியில்லை. 'நீந்தத் தெரிந்தும் கணவரை விட்டு வர மனமில்லாமல்' என்று எழுதியிருந்தீர்கள். ராத்திரி முழுக்க அது என்னைத் தூங்கவிடவில்லை. விடுதியிலும் எல்லோரும் அதையே பேசுகிறார்கள். சமையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "புருஷன்மேல அப்படி ஒரு பாசம்" என்கிறார். அது அப்படி இல்லை சார். அவர் அவளைப் பிடித்து இழுத்தார். தண்ணீரில் தத்தளிக்கிற எவனும் செய்கிறதுதான். இழுத்ததால்தான் பாப்பா போனாள். அந்த இடத்தை மட்டும் நீங்கள் திருத்திவிட வேண்டும்.

என்ஜினோடு மல்லாடிக்கொண்டிருந்தவனுக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் முதலிலிருந்து வர வேண்டும். அவசரமில்லையே?

விடுதியில் என் வேலைக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. சட்டையில் குத்தியிருக்கும். யாரும் படிப்பதில்லை. 'குஷி' என்றுதான் கூப்பிடுவார்கள். விருந்தாளிகளைக் குஷிப்படுத்துவது என் பொறுப்பு என்பதால் முதலாளி விளையாட்டாக வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. சொன்னால் சிரிப்பீர்கள், இது லேசான வேலை இல்லை. சிரிப்பில் பல தினுசு இருக்கிறது. போட்டோவுக்குச் சிரிக்கிறது ஒன்று. பக்கத்து மேஜைக்காரர்கள் பார்க்கிறார்களே என்று சிரிக்கிறது ஒன்று. இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே, சிரித்துத்தானே ஆக வேண்டும் என்று பல்லைக் காட்டுவது ஒன்று. இதையெல்லாம் தாண்டி, தன்னை மறந்து, வாயைப் பொத்தக்கூடத் தோன்றாமல் வருகிற சிரிப்பு ஒன்று உண்டு. அதை வரவழைப்பதுதான் என் தொழில். போலியை நான் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவேன்.

இந்தத் தொழிலை நான் தீவில் கற்கவில்லை. பாப்பாவிடம் கற்றேன். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபோது அவளுக்குப் பால்பல்கூட முழுசாக விழவில்லை. சித்தி வீட்டில் விடலாம் என்றார்கள், விடுதிப் பள்ளியில் சேர்க்கலாம் என்றார்கள். நான் யார் கையிலும் கொடுக்கவில்லை. நானே தலைபின்னி விட்டேன். பின்னல் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியிருக்கும், வாத்தியாரம்மா கிண்டல் செய்வார்கள். அவள் அழும்போதெல்லாம் ஏதாவது கோமாளித்தனம் செய்து சிரிக்க வைப்பேன். பிறந்தநாள் என்றால் அலமாரிக்குள் ஒளிந்துகொண்டு திடீரென்று வெளியே குதிப்பேன். அவளும் அதைக் கற்றுக்கொண்டாள். ஆச்சரியப்படுத்துவதில் எங்கள் வீட்டில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை.

நீச்சலும் நான்தான் கற்றுக்கொடுத்தேன். இடுப்பில் ஒரு துண்டைக் கட்டி, நுனியை நான் பிடித்துக்கொள்வேன். ஒருநாள் அவளுக்குத் தெரியாமல் நுனியை விட்டுவிட்டேன். அவள் பாட்டுக்கு நீந்திப் போனாள். பாதியில் திரும்பிப் பார்த்து, துண்டு தண்ணீரில் மிதப்பதைக் கண்டதும் ஓவென்று அழுதுவிட்டாள். "ஏண்ணா விட்ட?" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதற்கப்புறம் நான் விடவே இல்லை. கல்யாணம்கூடச் செய்துகொள்ளவில்லை. தியாகம் என்றெல்லாம் சொல்ல வரவில்லை. நேரம் இல்லை, அவ்வளவுதான்.

மாப்பிள்ளை லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். பாப்பா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் ஒருநாள் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. இவள் உள்ளே தனியாக மாட்டிக்கொண்டாள். வெளியிலிருந்து ஒரு குரல், "பயப்படாதீங்க, ஆள் வந்துட்டு இருக்காங்க" என்று சொன்னதாம். கொஞ்ச நேரம் கழித்து, "யாரு வர்றாங்க?" என்று இவள் கேட்க, "நான்தாங்க, வந்துட்டேன்" என்று அதே குரல் சொன்னதாம். கதவைப் பிரித்து வெளியே எடுத்தவரையே கட்டிக்கொண்டாள். என்னிடம் சம்மதம் கேட்டாள். நானும் கொடுத்தேன். கேட்கும்போதே தேதி பார்த்தாகியிருந்தது.

அவரைப் பற்றி ஒரு குறை சொல்லச் சொன்னால் எனக்குச் சட்டென்று வரவில்லை. குடி கிடையாது. கோபம் கிடையாது. ஓயாமல் பேசுவார். அவருடைய ஜோக்குகளுக்கு அவரே முதலில் சிரித்துவிடுவார். "மாட்டிக்கிட்டவங்ககிட்ட நான் மொதல்ல சொல்றது ஒண்ணுதான் மச்சான். ஆள் வந்துட்டு இருக்காங்கன்னு சொல்லிடணும். நிஜமாவே வர்றாங்களா இல்லையாங்கறது அடுத்த விஷயம். சொன்ன உடனே பாதி பயம் போயிடும்." இதை என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். தண்ணீரைக் கண்டால் மட்டும் அவருக்கு ஆகாது. நீச்சல் சுத்தமாகத் தெரியாது.

கல்யாண நாளுக்குத் தீவுக்கு வாருங்கள் என்று கூப்பிட்டது நான்தான். மழைக்காலத்துக்கு முன்னால் விடுதி காற்றாடும். அப்போது வேலைக்காரர்களின் குடும்பத்தைத் தங்கவைத்துக்கொள்ள முதலாளி விடுவார். கடலைப் பார்த்த அறையாக எடுத்துக்கொடுத்தேன். அவள் வருகிறாள் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. படுக்கை விரிப்பை நானே மாற்றினேன். என்றைக்கு என்ன செய்யலாம் என்று மனசுக்குள் ஓட்டி ஓட்டிப் பார்த்து வைத்திருந்தேன்.

முதல் நாள் ஊஞ்சல். நான் சொன்னபடியே செய்தார்கள். ஒரே ஊஞ்சலில் இரண்டு பேரும் ஏறிப் படுத்து, அது கவிழ்ந்து, மண்ணில் விழுந்து எழுந்தார்கள். அடுத்த நாள் கண்ணாடி முகமூடி போட்டு மீன் பார்ப்பது. முட்டளவுத் தண்ணீரில் மாப்பிள்ளை குனிந்து, மூச்சுக்குழாய் வழியாகக் கத்திக்கொண்டே பார்த்தார். ஒரு ஆமை தாண்டிப்போனதற்கு அவர் போட்ட கூச்சலில் கரையில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். நல்ல விருந்தாளி சார் அவர். அப்படி ஒரு ஆள் கிடைத்தால் என் மாதிரி ஆட்களுக்குக் கொண்டாட்டம்தான்.

மூன்றாவதாகத் துடுப்புப் படகு. நான் ஒரு படகில், அவர்கள் ஒன்றில். கரையோரமாகவே போனோம். திரும்பும்போது அவர்கள் படகு புரண்டுவிட்டது. மாப்பிள்ளை, "ஐயோ, மச்சான், மச்சான்" என்று கைகால் உதறி அலறினார். பாப்பா பக்கத்தில் எழுந்து நின்றாள். தண்ணீர் அவள் முழங்காலுக்குத்தான் இருந்தது. இவரும் மெதுவாகக் காலை ஊன்றி நின்று, குனிந்து தண்ணீரைப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்று அசடு வழியக் கேட்டார்.

அப்போது அவள் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை சார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரிலேயே உட்கார்ந்து, மூச்சு முட்டி, கண்ணில் நீர் வர, நிறுத்த முடியாமல் சிரித்தாள். எத்தனை வருஷம் அவளுக்காகக் கோமாளி வேஷம் போட்டிருக்கிறேன். நான் வரவழைத்ததெல்லாம் எந்தத் தினுசு என்று அன்றைக்குத்தான் விளங்கியது. அண்ணன் இவ்வளவு பாடுபடுகிறானே, சிரித்துவைப்போம் என்று சிரித்திருக்கிறாள். சின்னப் பிள்ளையிலிருந்தே.

எனக்குப் பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள். தொழில் தெரிந்தவன் என்கிற முறையில் பார்த்தேன், அவ்வளவுதான்.

அன்று சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னார்கள். மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதமே இரண்டு பேரும் போகிறார்கள். அங்கேயே இருந்துவிடுவதாக எண்ணம். பாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, என் வாழ்க்கையிலயே நான் இவ்வளவு சந்தோஷமா இருந்ததில்ல. நீயும் இனிமேலாவது உனக்குன்னு வாழணும். என்னையே பாத்துட்டு இருந்தது போதும்ண்ணா." மாப்பிள்ளை வாயெல்லாம் பல்லாக, "நீங்க அங்க வந்து எங்ககூட ஒரு மாசம் இருந்துட்டுப் போங்க மச்சான். அங்க லிஃப்டெல்லாம் எப்படிப் பறக்குது தெரியுமா?" என்றார்.

ஒரு மாசம் இருந்துவிட்டுப் போங்கள். நான் என் விருந்தாளிகளிடம் பேசுகிற மாதிரியே இருந்தது.

எழுந்துபோய் அவர்களுக்குப் பழம் நறுக்கிக்கொண்டு வந்தேன். நறுக்கும்போது யோசித்தேன். உணர்ச்சிவசப்பட்டு எடுத்த முடிவு என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது, அதற்காகச் சொல்கிறேன். ஒரு மனுஷனால் ஒருத்தியை அந்த அளவுக்குச் சிரிக்கவைக்க முடிகிறதென்றால், ஒருநாள் அதே அளவுக்கு அழவைக்கவும் முடியும். கண் காணாத தேசத்தில் அது நடந்தால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? இங்கேயே, என் பார்வையில், இப்போதே அழுது முடித்துவிட்டால் தேவலை. கொஞ்ச நாள் அழுவாள். சாப்பிட மாட்டேன் என்பாள். நான் இருக்கிறேன். ஏற்கெனவே ஒருமுறை என் கையில் ஆறியவள்தானே.

இதில் எந்த இடத்திலாவது அவளுக்குக் கெடுதல் நினைத்திருக்கிறேனா என்று பாருங்கள்.

இனி மணல்திட்டு. எங்கள் தீவில் செய்யக்கூடியவற்றிலேயே அதுதான் உச்சம். படகில் போனால் கொஞ்ச தூரம்தான். கடல் உள்வாங்கும்போது தண்ணீருக்கு நடுவில் வெள்ளையாக ஒரு மணல்மேடு தலைகாட்டும். மரம் கிடையாது, நிழல் கிடையாது, சுற்றிலும் கடல்தான். புதுசாகக் கல்யாணமானவர்களை அங்கே கொண்டுபோய் இறக்கி, இரண்டு நாற்காலி, சாண்ட்விச் கூடை, ஒரு பெரிய மஞ்சள் குடை எல்லாம் வைத்துக்கொடுத்துவிட்டு, படகுக்காரன் கண்ணில் படாமல் திரும்பி வந்துவிட வேண்டும். உலகத்திலேயே அவர்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கிற மாதிரி இருக்கும். போன் எடுக்காது. வாக்கி-டாக்கியையும் கொடுப்பதில்லை, கரகரவென்று அது கத்தினால் கனவு கலைந்துவிடும். திரும்ப வேண்டும் என்று தோன்றினால் குடையை மடக்கினால் போதும். குடை மடங்கினால் படகு வரும். இந்த ஏற்பாடு என் மூளையில் உதித்ததுதான்.

கரையில் இருப்பவர்கள் யாருக்கும் திட்டு தெரியாது, பாறைமுனை மறைத்துக்கொள்ளும். முனையின் மேலே ஒரு சின்னக் கொட்டகை இருக்கிறது. அங்கே தொலைநோக்கியோடு நான் உட்கார்ந்திருப்பேன். குடையை மட்டும்தான் பார்ப்பேன். மற்றதைப் பார்ப்பது மரியாதை இல்லை.

கல்யாண நாள், கல்யாணமாகி வருகிற பிறந்தநாள் என்றால் இதில் ஒரு கூடுதல் உண்டு. ஒருவரை முதலில் இறக்கி அலங்காரமெல்லாம் செய்யச் சொல்லிவிட்டு, இன்னொருவரைக் கண்ணைக் கட்டிக் கூட்டிப்போவோம். மாப்பிள்ளையிடம் இதைச் சொன்னேன். அவருக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். "நீங்க பெரிய ஆளு மச்சான்" என்று கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அமாவாசைக்கு மறுநாள். அந்த நாட்களில் கடல் அதிகமாக உள்வாங்கும், அதிகமாகவே திரும்பி ஏறும். மற்ற நாட்களில் திட்டின் மேல் கணுக்கால் நனையும். அன்றைக்கு ஆள் மட்டத்தைத் தாண்டும், பக்கத்துக் கால்வாயில் இழுப்பும் இருக்கும். இது படகு ஓட்டுகிற எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதனால் அந்த நாளில் நாங்கள் யாரையும் சாயங்காலம்வரை விட்டுவைப்பதில்லை. முங்குநீச்சல் படகு ஆட்களை ஏற்றிக்கொண்டு தீவின் மறுபக்கம் போயிருந்தது. சலவைத் துணிப் படகு எதிர்க்கரைக்குக் கிளம்பத் தயாராக இருந்தது. மிச்சம் என் படகுதான். பாப்பாவுக்கு எண்ணெய் மசாஜ் ஏற்பாடு செய்திருந்தேன். நிதானமாகச் செய்யுங்கள், அவசரமே இல்லை என்று மசாஜ் அம்மாவிடம் சொல்லியிருந்தேன்.

மாப்பிள்ளை படகில் ஏறும்போது மிதவைச் சட்டையை இறுக்கி மாட்டிக்கொண்டு வந்தார். திட்டில் இறங்கியதும், "அத கழட்டிடுங்க மாப்பிள்ள, போட்டோல நல்லா இருக்காது" என்றேன். கழற்றி என் கையில் கொடுத்தார். லிஃப்ட்காரர் அல்லவா, குடையின் பொத்தானை அமுக்கி விரித்து, மடக்கி, மறுபடி விரித்துப் பார்த்துக்கொண்டார். "நல்லா வேலை செய்யுது. மடக்கினா வந்துடுவீங்கல்ல?" என்றார். வருவேன் என்றேன். நான் கிளம்பும்போது கூடையில் இருந்த காகிதப் பூக்களை எடுத்து மணலில் குத்தி வைக்க ஆரம்பித்திருந்தார். திரும்பிப் பார்த்துக் கையாட்டினார்.

கரைக்கு வந்து படகைக் கட்டினேன். என்ஜினில் ஒரு சிவப்புக் கிளிப் சொருகியிருக்கும், சுருள் கயிறு கட்டியது. படகோட்டுகிறவன் கயிற்றைக் கையில் மாட்டிக்கொள்வான். அவன் தண்ணீரில் விழுந்தால் கிளிப் கழன்று என்ஜின் நின்றுவிடும். அது இல்லாவிட்டால் தலைகீழாக நின்றாலும் என்ஜின் கிளம்பாது. அவசரத்தில் எங்கோ விழுந்துவிட்டது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் மணலில் மண்டியிட்டுத் தேடினார்கள். நானும் தேடினேன். இதோ இருக்கிறது. உங்கள் காப்பி டம்ளர் பக்கத்திலேயே வைக்கிறேன்.

இனிமேல் நடந்தது என் திட்டத்தில் இல்லாதது. மாப்பிள்ளைக்கு ரகசியம் வயிற்றில் நிற்காது. முந்தின நாளே பாப்பாவிடம் உளறியிருக்கிறார். அவள் என் தங்கை ஆயிற்றே. அவருக்கே ஒரு ஆச்சரியம் கொடுக்கலாம் என்று முடிவுகட்டி, மசாஜ் அம்மாவிடம் தலைவலி என்று சொல்லி நழுவி, சலவைப் படகுக்காரரைப் பிடித்திருக்கிறாள். "போற வழியில என்னைத் திட்டுல விட்டுடுங்கண்ணே. எங்க அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, அவருக்கும் சேத்துதான் சர்ப்ரைஸ்." அவரும் சிரித்துக்கொண்டே இறக்கிவிட்டு எதிர்க்கரைக்குப் போய்விட்டார். பாவம், நானே கொண்டுபோய் விட்டேனே என்று இப்போது தலையில் அடித்துக்கொண்டிருக்கிறார். அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். அவருக்கு ஒன்றும் தெரியாது.

அவள் அங்கே இருப்பது, மசாஜ் அம்மா ஓடிவந்து அறையில் அவளைக் காணோம், சலவைப் படகில் போயிருக்கிறாள் என்று சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும் என்று உங்களிடம் சொல்லியிருந்தேன். அப்போதுதான் எல்லோரும் படகுத்துறைக்கு ஓடினோம், கை கிழிய என்ஜினை இழுத்தோம், மறுபக்கம் போன படகை வாக்கி-டாக்கியில் கூப்பிட்டோம். அது வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதெல்லாம் சரியாகவே எழுதியிருக்கிறீர்கள்.

அதற்கு முன்னால் நான் கொட்டகையில் இருந்தேன். அதைத்தான் கேட்டீர்கள்.

சலவைப் படகு முனையைத் தாண்டித் திட்டுப் பக்கம் வேகம் குறைத்ததைப் பார்த்தேன். பாப்பா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கியதைப் பார்த்தேன். மாப்பிள்ளை கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். நேரம் நிறைய இருந்தது சார். மணல் பரந்து கிடந்தது. அவர்கள் சாண்ட்விச் சாப்பிட்டார்கள். ஒருவரை ஒருவர் படம் பிடித்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை ஏதோ ஆடிக்காட்டினார், அவள் மறுபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் எழுந்து போய்க் கிளிப்பைச் சொருகி, என்ன பாப்பா இப்படிப் பண்ணிட்ட என்று செல்லமாகக் கோபித்துக்கொண்டு, இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு வந்திருக்கலாம். எழுந்துகூட விட்டேன்.

அப்புறம், அவளுக்கு நீச்சல் தெரியுமே என்று தோன்றியது. முனைக்கும் திட்டுக்கும் நடுவில் இருக்கிற தூரம் அவளுக்குப் பெரிசில்லை. தண்ணீர் ஏறினால் வந்துவிடுவாள். அவர் இருக்கட்டும், இவள் வரட்டும். எப்படிப் பார்த்தாலும் நான் நினைத்தபடியேதான் முடியும். மறுபடி உட்கார்ந்துகொண்டேன்.

தண்ணீர் காகிதப் பூக்களைத் தொட்டபோது குடை மடங்கியது. மாப்பிள்ளைதான் மடக்கினார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு விரித்தார். மறுபடி மடக்கினார். பொத்தான் வேலை செய்யவில்லையோ என்று சந்தேகப்பட்டிருப்பார். அப்புறம் பாப்பா குடையை வாங்கிக்கொண்டாள். மடக்கிய குடையை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கி, என் பக்கமாகப் பார்த்து நின்றாள். கொட்டகையில் நான் இருப்பேன் என்று அவளுக்குத் தெரியும். அவள் பயப்படவே இல்லை. அண்ணன் பார்த்துவிட்டான், வந்துகொண்டிருக்கிறான் என்றுதான் அந்த முகத்தில் இருந்தது.

முழங்கால் அளவு வந்ததும் மாப்பிள்ளையை நாற்காலிமேல் ஏற்றி நிறுத்தினாள். அவருடைய வாய் அசைந்துகொண்டே இருந்தது. இவ்வளவு தூரத்திலிருந்து கேட்காது. என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும். மாட்டிக்கொண்டவர்களிடம் அவர் முதலில் சொல்வது ஒன்றுதான்.

நாற்காலி புரண்டது. அதற்கப்புறம் இரண்டு பேரும் தண்ணீரில். இங்கேதான் அந்த வாக்கியம் வருகிறது. அவர் அவளைப் பிடித்து இழுத்தார் என்று முதலில் சொன்னேன் அல்லவா, அதை எழுதிவிட்டீர்களா?

அடித்துவிடுங்கள் சார்.

அவர் இழுக்கவில்லை. அவள்தான் அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு நீந்தப் பார்த்தாள். கால்வாய் இழுப்பில் இரண்டு பேரும் பக்கவாட்டில் போனார்கள். அப்போது அவர் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். போ என்று கை காட்டினார். என் பக்கமாகத்தான் காட்டினார். அவள் தலையை ஆட்டினாள். அவர் அவளைப் பிடித்துத் தள்ளினார்.

அவள் கிளம்பினாள் சார். முனையைப் பார்த்து வந்தாள். நான் கற்றுக்கொடுத்த அதே நீச்சல், தலை நிமிர்த்தி, வலது கையை மட்டும் கொஞ்சம் அகலமாக வீசி. என்னைப் பார்த்து வந்தாள். நான் எழுந்து நின்றுவிட்டேன். என் வாழ்க்கையிலேயே நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. கிளிப்பைப் பையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன், ஓடிப்போய்ப் படகை எடுப்பதற்கு.

பாதி தூரத்தில் நின்று திரும்பிப் பார்த்தாள். அங்கே தண்ணீருக்குமேல் அவருடைய கை மட்டும் தெரிந்தது.

அவள் திரும்பிப் போனாள்.

நான் கிளிப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.